விரலுக்குத் தெரிந்த வேகம்

முதல் குழியிலேயே விழுந்தேன்.

தஞ்சாவூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. அக்கா மகன் புதிதாக வாங்கியிருந்த கேம் பெட்டியில், இன்றைய பளபளப்பான விளையாட்டுகளுக்கு நடுவே பழைய சூப்பர் மரியோவும் இருந்தது. "இதெல்லாம் நான் கண்ணை மூடிக்கிட்டு ஆடுவேன்டா" என்று பீற்றிக்கொண்டுதான் அவன் கையிலிருந்து வாங்கினேன். காளான் தின்றாயிற்று, நான்கு குழாய்களைத் தாண்டியாயிற்று. அடுத்து அந்தச் சின்னக் குழி. எத்தனை ஆயிரம் முறை தாண்டியிருப்பேன்! கட்டைவிரல் பட்டனை அழுத்தியது. அதற்குள் மரியோ குழிக்குள் போய்விட்டான்.

"அவ்வளவுதானா மாமா?"

வயசாகிவிட்டது என்று நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மூன்று முறையும் அதே குழி, மூன்று முறையும் அதே அளவு தாமதம். வயதானால் கை தடுமாறும். இப்படி ஒரே அளவாகப் பிசகாது. எங்கோ கணக்கு இடித்தது. என் கையில் இடித்ததா, பெட்டியில் இடித்ததா என்று தேடிப் போனதுதான் இந்த அத்தியாயம்.

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது ஒரு தை மாதம். சம்பா அறுவடை முடிந்து நெல் போட்ட பணம் கையில் இருந்த நாட்களில்தான் அப்பாவிடம் எதையும் கேட்க முடியும். கும்பகோணத்துக்குப் போய் வாங்கி வந்தார். ஜப்பானில் 1983 ஜூலையில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல் அது. தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட இப்படிப்பட்ட நகல்கள் 90-களில் தமிழ்நாட்டுச் சின்ன ஊர்கள் வரை வந்து சேர்ந்தன. உள்ளே சொருகுவதற்குப் பெயர் எங்கள் ஊரில் கேசட். வேலை செய்யாவிட்டால் எடுத்து ஊதிவிட்டுத் திரும்பச் சொருக வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது எவ்வளவு என்று இன்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வேலை செய்வதற்கான நினைவகம் 2 கிலோபைட். 1985-இல் வந்த சூப்பர் மரியோ முழுவதும், எட்டு உலகம், முப்பத்திரண்டு கட்டம், பாட்டு, எதிரிகள் எல்லாம் சேர்த்து 40 கிலோபைட். காலையில் பெரியப்பா அனுப்பும் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூப் படம் இதைவிடப் பெரியது. இடம் போதாததால் வானத்து மேகத்துக்கும் தரையில் இருக்கும் புதருக்கும் ஒரே படம்தான். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். திரை 256 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம். ஒரே வரிசையில் எட்டு நகரும் துண்டுகளுக்கு மேல் வந்தால் மிச்சத்தைக் காட்ட அந்தச் சில்லுக்குத் திராணி கிடையாது. கூட்டமாக எதிரிகள் வரும்போது அவர்கள் மினுக்மினுக்கென்று மறைந்து மறைந்து தெரிந்ததற்குக் காரணம் இதுதான். துண்டுகளைச் சுழற்சி முறையில் காட்டிச் சமாளித்தார்கள்.

ஆனால் அக்கா வீட்டு எல்இடி டிவியில் பார்த்த மரியோ வெறும் சதுரங்களாகத் தெரிந்தான். மூக்கு ஒரு சதுரம், காது ஒரு சதுரம். எங்கள் சாலிடேர் டிவியில் நான் சதுரத்தைப் பார்த்ததே இல்லை.

இதற்குக் காரணம் பழைய டிவியின் கண்ணாடி. படக்குழாயின் பின்புறத்திலிருந்து பாயும் எலெக்ட்ரான் கற்றை, திரையின் உட்புறம் பூசிய பாஸ்பரில் வரி வரியாக மோதி ஒளியேற்றும். ஒளிப்புள்ளிக்குக் கூரான விளிம்பு கிடையாது, ஓரம் மங்கிப் பக்கத்துப் புள்ளியோடு கலந்துவிடும். வரிக்கும் வரிக்கும் நடுவே மெல்லிய இருட்டு. போதாக்குறைக்கு எங்கள் பெட்டி ஆண்டெனா சொருகும் துளை வழியாகத்தான் டிவியோடு பேசியது. படத்தின் வெளிச்சம், நிறம், சத்தம் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் ஏற்றி அனுப்பினால் நிறம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவை நம்பியே ஓவியர்கள் வரைந்தார்கள். 1991-இல் வந்த சோனிக் விளையாட்டின் அருவியை இன்றைய திரையில் பாருங்கள், ஜன்னல் கம்பி மாதிரி செங்குத்துக் கோடுகள். பழைய டிவியில் அதே கோடுகள் ஒன்றோடொன்று கசிந்து, பின்னால் இருக்கும் பாறை தெரியும் தண்ணீராகிவிடும். கண்ணாடி போன்ற ஒளிபுகும் நிறத்தைக் காட்ட சோனிக் ஓடிய இயந்திரத்துக்கு வசதியில்லை. டிவியின் குறைதான் அந்த வேலையைச் செய்தது.

எங்கள் ஊரில் இன்னொரு ஓவியரும் உண்டு: மின்சார வாரியம். வயல்களுக்கு மும்முனை மின்சாரம் வந்து மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கும். படம் இரண்டு பக்கமும் சுருங்கிக் கறுப்புக் கரை விழும். மரியோ ஒல்லியாவான். நடுவைக்கு நீர் பாயும் வரை ஒல்லி மரியோதான்.

சரி, பழைய படத்தை அப்படியே பெரிதாக்கிக் காட்டலாமே என்றால் அதிலும் கணக்கு இடிக்கிறது. 1080 வரி டிவியில் 240 வரியைப் பெருக்கினால் நாலரை மடங்கு. அரைப் புள்ளி என்று ஒன்று திரையில் கிடையாது. அதனால் சில புள்ளி நாலாகவும் சில புள்ளி ஐந்தாகவும் போடுவார்கள். நின்றால் தெரியாது. படம் நகரும்போது செங்கல் சுவர் நெளியும். 2160 வரியுள்ள 4கே டிவியில் சரியாக ஒன்பது மடங்கு, பிரச்சினை இல்லை. இன்றைய மறுவெளியீடுகளில் 'பழைய டிவி போலக் காட்டு' என்று ஒரு வசதி இருக்கும். அழுத்தினால் படத்தின் மேல் கறுப்புக் கோடு போட்டுத் தருவார்கள். பெரும்பாலானவை கொசுவலைக்குள் உட்கார்ந்து டிவி பார்ப்பது போலத்தான் இருக்கின்றன. ஒளி மங்கிக் கலப்பதைக் கணக்கிடாமல் இருட்டை மட்டும் போட்டால் வேறு எப்படி இருக்கும்?

படத்தையாவது ஏமாற்றிச் சரிக்கட்டலாம். வாத்துச் சுடும் விளையாட்டில் அதுவும் நடக்காது. பெட்டியோடு ஒரு துப்பாக்கி வருமே, நினைவிருக்கிறதா? துப்பாக்கியிலிருந்து எதுவும் டிவிக்குப் போவதில்லை. அதன் முனையில் இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு சின்னச் சில்லு, அவ்வளவுதான். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம். முதலில் இருட்டையும் அடுத்து வெளிச்சத்தையும் துப்பாக்கி பார்த்தால் வாத்து விழும். இருட்டைக் காட்டுவது எதற்கென்றால், குண்டு பல்பைக் குறிவைத்துச் சுடும் என்னைப் போன்ற களவாணிகளைப் பிடிக்க. படக்குழாய் டிவியில் சிக்னல் வந்த கணத்திலேயே திரையில் ஒளி வரும். எல்இடி டிவி படத்தை வாங்கி, வைத்துப் பார்த்து, மெருகேற்றி, பிறகு காட்டுகிறது. அந்தத் தாமதம் சில டிவிகளில் நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை போகும். வெள்ளைச் சதுரம் தெரியும் நேரத்தில் துப்பாக்கி பார்த்து முடித்துப் போய்விடும். ஆக, அந்த விளையாட்டின் பாதி டிவிக்குள் இருந்தது. கேசட்டை மட்டும் காப்பாற்றி என்ன பயன்?

எனவே என் குழிக்குக் காரணம் டிவியின் தாமதம்தான் என்று முடிவு கட்டினேன். மருமகன் ரிமோட்டை எடுத்து, டிவியில் கேம் மோடு என்பதைப் போட்டான். தாமதம் நன்றாகவே குறைந்தது. நான் மறுபடி விழுந்தேன்.

புதுப்பிக்கிறேன் என்று கிளம்பியவர்கள் விழுந்த குழிகளும் உண்டு. நிண்டெண்டோவே 1993-இல் மரியோ விளையாட்டுகளை அடுத்த தலைமுறைப் பெட்டிக்காகப் புதுப் படங்களோடு திரும்பச் செய்தது. வானத்துக்கு நிறச்சாயல், மலைக்கு நிழல், எல்லாம் அழகு. ஆனால் பழையதில் தலையால் முட்டிச் செங்கல்லை உடைத்தால் மரியோ சட்டென்று கீழே திரும்புவான். புதியதில் உடைத்த பிறகும் மேலே போய்க்கொண்டே இருப்பான். கணக்கில் ஒரு சின்னப் பிசகு. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்டுகொள்ளவில்லை. ஆடிப் பழகிய கைகள் முதல் செங்கல்லிலேயே கண்டுபிடித்துவிட்டன.

நம் ஊர் பிரவுசிங் சென்டர் தலைமுறைக்கு இன்னும் நன்றாகப் புரியும் கதை வைஸ் சிட்டி என்ற விளையாட்டினுடையது. அதையும் சான் ஆண்ட்ரியாஸையும் சேர்த்து 2021 நவம்பரில் புதுப்பித்து வெளியிட்டார்கள். பழைய படங்களைப் பெரிதாக்கும் வேலையில் கணிசமான பகுதி மென்பொருளிடம் விடப்பட்டது. ஒரு டோனட் கடையின் கூரை மேல் டோனட்டுக்குப் பதிலாகப் பிரம்மாண்டமான இரும்பு நட்டு இருக்கும். கடையின் பெயரிலேயே நட்டு வரும், அதுதான் நகைச்சுவை. பழைய படத்தில் ஆறு மூலை இருந்ததை, இடப் பற்றாக்குறையால் நேர்ந்த குறை என்று நினைத்து வழித்து உருண்டையாக்கிவிட்டார்கள். நகைச்சுவை போய் வெறும் வளையம் மிஞ்சியது. எது குறை, எது குறிப்பு என்று தெரியாமல் மெருகேற்றினால் இதுதான் கதி.

மூடுபனிக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய சேதம். 2004-இல் சான் ஆண்ட்ரியாஸ் ஓடிய பெட்டியில் 32 மெகாபைட் நினைவகம்தான். தூரத்தில் இருப்பதை வரைய இடமில்லாததால் ஒரு மங்கலான புழுதிப் படலத்தைப் போட்டு மறைத்தார்கள். புதுப் பதிப்பில் இடப் பஞ்சம் இல்லை, படலத்தை விலக்கினார்கள். மலை மேல் ஏறி நின்றால் மூன்று நகரங்களும் பக்கத்துப் பக்கத்துத் தெரு மாதிரித் தெரிந்தன. அத்தனை மணி நேரம் கார் ஓட்டிய ஒரு மாநிலம் இவ்வளவுதானா என்றாகிவிட்டது. மார்கழிக் காலையில் பாபநாசம் பக்கம் வயல் வரப்பில் நின்றவர்களுக்கு இது விளங்கும். எங்கள் பூமி தட்டை. பனி இருக்கும்போது பக்கத்து ஊர் கோயில் கோபுரம் எங்கோ தொலைவில் இருப்பதாகத் தோன்றும். எட்டரை மணிக்கு வெயில் ஏறியதும் கூப்பிடு தூரத்தில் நிற்கும். வெளியீட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். 2024 நவம்பரில் பழைய வெளிச்சத்தையும் படலத்தையும் விரும்புகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறொன்று. 2011-இல் ஹேலோ என்ற விளையாட்டைப் புதுப்பித்தவர்கள் 2001-இன் பழைய நிரலை அப்படியே அடியில் ஓடவிட்டு, அதன் மேல் புதுப் படத்தைப் போர்த்தினார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் பழைய படம், மறுபடி அழுத்தினால் புதியது. ஓட்டம், குண்டு, மோதல் எல்லாம் இரண்டிலும் ஒரே கணக்கு. சில இடங்களில் புதுப் பாறை ஓரமாக வரையப்பட்டிருக்கும், பழைய கணக்கில் அங்கே காற்றுதான். ஆனாலும் நேர்மையான முறை.

இந்தப் பட்டனைப் பற்றி முதலில் படித்தபோது எனக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுதான் நினைவுக்கு வந்தது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி அந்த இருட்டுச் சுற்றுக்குள் போய்ப் பார்த்தபோது, நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து சோழர் ஓவியம் எட்டிப் பார்த்தது. சுந்தரர் யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகும் காட்சி அடியில் இருந்ததுதான். மேலே இருப்பதும் பழசு, முந்நூறு ஆண்டுக்கு மேல். எதை அழிப்பது? தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் நாயக்கர் ஓவியத்தைச் சேதமில்லாமல் உரித்தெடுத்து ஃபைபர்கிளாஸ் பலகையில் ஏற்றினார்கள். அடியிலிருந்த சோழர் ஓவியம் சுவரிலேயே நின்றது. இரண்டும் இருக்கின்றன.

அடுக்கு எதுவும் மிஞ்சாமல், கிழிந்த தாள் மட்டும் கிடைத்தால்? டொராண்டோவில் தமிழர் ஒருவர் தொடங்கிய விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' விளையாட்டு அதைத்தான் ஆடச் சொல்கிறது. எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்ப் பெண். ஊரிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டு. எண்ணெய்க் கறையும் கிழிசலுமாகப் பாதி வரி இல்லை. இல்லாத வரியை நாம்தான் யோசித்து, இட்லித் தட்டையும் புட்டுக் குழலையும் வைத்துப் பார்த்து நிரப்ப வேண்டும். பழைய விளையாட்டு எதன் மறுஆக்கமும் அல்ல அது. ஆனால் நினைவு படத்தில் இருப்பதைவிடக் கைவேலையில் இருக்கிறது என்பதை அந்தச் சமையலறை அளவுக்கு வேறெந்த விளையாட்டும் எனக்குக் காட்டியதில்லை. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் முதல் படைப்புக்கான பரிசு அதற்குத்தான் கிடைத்தது.

கிழிசலை நிரப்பும் கலையில் எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரை மிஞ்ச ஆளில்லை. உத்தமதானபுரத்துக்காரரான உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஊர் ஊராக ஏடு தேடினார். ஓர் ஏட்டில் இருக்கும் சொல் இன்னோர் ஏட்டில் இருக்காது. இதுதான் சரி என்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடவில்லை, பாடபேதம் என்று குறித்து வைத்தார்.

பாடபேதம். அந்தச் சொல் தலையில் விழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அக்கா மகன் பெட்டியில் இருந்த மரியோவும் நான் ஆடிய மரியோவும் ஒரே பாடம் என்று யார் சொன்னது?

பெரியப்பா வீட்டில் பத்தாயத்துக்குப் பின்னால் 21 அங்குலப் படக்குழாய் டிவி ஒன்று சாக்கு போர்த்திக் கிடந்தது. எங்கள் பழைய பெட்டி பரணில் இருந்தது. அடாப்டர் மட்டும் புதிதாக வாங்கினேன். கேசட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே கறுப்புத் தாரைச் சொட்டு வைத்தது போல ஒரு பிசின் குமிழ், அதற்குள்தான் சில்லு. மேலே ஒட்டிய தாளில் 9999999 விளையாட்டு என்று போட்டிருந்தது. உண்மையில் ஆறோ ஏழோ. நல்ல வேளையாக அதில் மரியோ இருந்தான். ஊதிச் சொருகினேன்.

சோதனை எளிது. மரியோ முதல் கட்டத்தில் மேலே இருக்கும் நேரக் கணக்கு 400-இலிருந்து இறங்கும். அவனை அசையாமல் நிற்க வைத்துவிட்டு, செல்போனில் நிறுத்துகடிகாரத்தைத் தட்டினேன். பூஜ்யம் ஆனபோது 3 நிமிடம் 12 நொடி. தஞ்சாவூருக்குப் போய் மருமகன் பெட்டியில் அதையே செய்தேன். 2 நிமிடம் 40 நொடி.

மரியோவின் நேரம் கடிகார நொடியில் ஓடுவதில்லை. திரை 24 முறை புதிதாக வரையப்பட்டால் ஓர் எண் குறையும், அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஜப்பானிய, அமெரிக்க டிவி நொடிக்கு 60 முறை வரையும், நம் டிவி 50 முறை. இந்த எண்களும் சும்மா வந்தவை அல்ல. தொடக்ககால டிவிகளில் மின்சாரத்தின் அதிர்வும் படத்தின் அதிர்வும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டை நெளியும். அதனால் மின்சாரம் 60 சுழற்சியாக இருந்த அமெரிக்காவில் படமும் 60, மின்சாரம் 50-ஆக இருந்த ஐரோப்பாவில் படமும் 50. ஜப்பான் அமெரிக்க முறையை எடுத்துக்கொண்டது. நாம் ஐரோப்பாவின் 625 வரி பால் முறையை எடுத்துக்கொண்டோம். மேட்டூரில் காவிரித் தண்ணீர் சுழற்றும் மின்னாக்கியும் 50 சுழற்சிதான் தருகிறது. அந்த 50-க்கு ஏற்றபடி நகலெடுத்தவர்கள் மாற்றிச் செய்த பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

முழு வேகத்தில் ஓடும்போது மரியோ ஒரு வரைவுக்கு இரண்டரைப் புள்ளி நகர்வான். ஜப்பானில் நொடிக்கு 150 புள்ளி, எங்கள் கூடத்தில் 125. நான் கற்ற குழி மெதுவாக வந்தது. மருமகன் வீட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தோடு வந்து என்னை விழுங்கியது.

ஒன்று மட்டும் முதலில் பிடிபடவில்லை. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் பாட்டைக் கேட்ட உடனே காது சொல்லியிருக்க வேண்டாமா? டேப் மெதுவாகச் சுற்றினால் குரல் இழுக்குமே. இங்கேதான் நகலெடுத்தவர்களின் சாமர்த்தியம். ஸ்வரத்தின் உயரம் மூளைச் சில்லின் துடிப்பைப் பொறுத்தது. அடுத்த ஸ்வரம் எப்போது என்பது திரையின் துடிப்பைப் பொறுத்தது. நிண்டெண்டோ ஐரோப்பாவுக்குச் செய்த பெட்டியில் மூளையின் வேகத்தையும் 1.66 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கியதால் சுருதியே இறங்கியது. நகல் சில்லில் 1.77, ஜப்பானிய மூலத்தின் 1.79-க்கு வெகு அருகே. கூடுதலாகக் கிடைத்த நேரத்தைத் திரையின் அடியில் வெற்று வரிகளாகச் சேர்த்துக் கழித்துவிட்டார்கள். திருவையாற்றுக்காரர்களிடம் சொல்வதென்றால் சுருதி அப்படியே இருக்க, காலப்பிரமாணம் மட்டும் இறங்கியிருந்தது. ஒரே பாட்டை நிதானமாகப் பாடினால் தப்பு என்று எந்தக் காதும் சொல்லாது. விரல் சொல்லிவிட்டது.

பழைய பெட்டிகளைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்கள் சிலவற்றில், எந்த நாட்டுப் பெட்டி என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பா, அதற்குக் கீழே டெண்டி. 1992-இலிருந்து ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயர் அது; இந்த 50 துடிப்புச் சில்லின் கணக்குக்கு இப்போது அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கும்பகோணத்துக்குத் தனியாகப் பெயர் வைக்க யாரும் வரவில்லை. டெண்டியைத் தேர்ந்தெடுத்து, மடிக்கணினியை மருமகன் முன்னால் வைத்து ஆடத் தொடங்கினேன். நான்கு குழாய்கள். குழி. தாண்டினேன். அடுத்த குழி, கொடிமரம், இரண்டாவது கட்டம்.

அவன் சற்று நேரம் பார்த்தான்.

"என்ன மாமா, இது ஏன் இவ்வளவு ஸ்லோவா ஓடுது?"